வெறும் நட்பா, காதலா? அனிமே உறவுகளில் தெளிவில்லாதது யாருக்கு?

ஒரு அனிமே தொடர், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், முடிந்த அன்றே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "அவங்க ரெண்டு பேரும் காதலிக்கிறாங்க, இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்?" என்று ஒரு கட்சி. "எல்லாத்தையும் காதலாக்காதீங்க, அது நட்பு, ஜப்பான்ல அப்படித்தான் பழகுவாங்க" என்று இன்னொரு கட்சி. கவனித்துப் பார்த்தால் இரண்டு பேர் காட்டும் ஆதாரமும் ஒன்றேதான். அதே கைப்பிடிப்பு, அதே காத்திருப்பு, அதே "உன்னைப் பிடிக்கும்".

இந்த வாதம் ஏன் முடிவதே இல்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். "தெளிவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல விஷயங்களைத் திணித்துவிடுகிறோம் என்றுதான் படுகிறது. ஒரு கதையில் பாத்திரத்துக்கே தன் மனசு தெரியாது. இன்னொன்றில் பாத்திரங்களுக்கு நன்றாகத் தெரியும், நமக்குத்தான் காட்டவில்லை. வேறொன்றில் படைத்தவர்கள் காட்டிவிட்டார்கள், விற்பவர்கள் மழுப்புகிறார்கள். அதனால் "நட்பா காதலா" என்று கேட்பதற்கு முன்னால் "தெளிவில்லாதது யாருக்கு?" என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே மேலே போவோம். சில கதைகளின் முடிவு இடையில் வெளியே வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசமும் பிடிக்கும், சித்தியையும் பிடிக்கும்

"எனக்கு மிளகு ரசம் பிடிக்கும்." "எனக்கு எங்க சித்தியை ரொம்பப் பிடிக்கும்." "எனக்கு உன்னைப் பிடிக்கும்." மூன்றிலும் ஒரே வினைச்சொல். முதல் இரண்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்றாவதை மாடிப்படியில் நின்று, கொஞ்சம் தயங்கி, முகத்தைப் பார்க்காமல் ஒருவர் சொன்னால் அது ஒன்று. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே தோளில் தட்டிச் சொன்னால் அது வேறொன்று.

ஜப்பானிய மொழியில் இந்த இடத்தில் நிற்கும் சொல் "சுகி". சாப்பாட்டுக்கும் சுகி, பூனைக்கும் சுகி, தோழிக்கும் சுகி, காதலனுக்கும் சுகி. அழுத்திச் சொல்ல "தைசுகி", அதாவது ரொம்பப் பிடிக்கும். காதலுக்கென்றே கனமாக "ஐஷிதேரு" என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அன்றாடப் பேச்சில் அது அபூர்வம். நம் வீடுகளில் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று முழு வாக்கியமாக யாரும் சொல்வதில்லையே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஆங்கில சப்டைட்டில் எழுதுபவருக்கு இங்கேதான் சிக்கல். அவர் லைக், லவ் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். 1995-96இல் ஒளிபரப்பான நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன் தொடரின் 24ஆம் பகுதியில் ஒரு குளியல் காட்சி வரும். காவொரு என்ற பையன் கதாநாயகன் ஷின்ஜியின் கைமேல் கை வைக்கிறான். கொஞ்சம் பேசிவிட்டு, ஷின்ஜி தன் அன்புக்குரியவன் என்ற பொருளில் காவொரு ஏட்டுத்தனமான ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறான். ஷின்ஜிக்குப் புரியவில்லை, அப்படியென்றால் என்ன என்று கேட்கிறான். "சுகி என்று அர்த்தம்" என்கிறான் காவொரு. பழைய ஆங்கில வடிவத்தில் இது லவ் என்று வந்தது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த புதிய மொழிபெயர்ப்பில் லைக் ஆகிவிட்டது. ரசிகர்களிடையே பெரிய கொந்தளிப்பு. ஒரு காதலை அழித்துவிட்டார்கள் என்றார்கள் ஒரு பக்கம், மூலத்துக்கு உண்மையாக இருக்கிறது என்றார்கள் மறுபக்கம். மூலத்தில் இருந்ததோ இரண்டுக்கும் இடம் கொடுக்கும் ஒரே சொல்.

தமிழில் நமக்கு இதற்கு நல்ல வசதி இருக்கிறது. "உன்னைப் பிடிக்கும்" என்பதற்கும் "உன்னைப் பிடிச்சிருக்கு" என்பதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் "பிடிச்சிருக்கா?" என்றுதான் கேட்பார்கள், "பிடிக்குமா?" என்று கேட்க மாட்டார்கள். காவொருவின் அந்த ஒற்றை வரியைத் தமிழில் கொண்டுவர என்னிடம் கேட்டால், எதையும் கூட்டாமல் குறைக்காமல் "பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்று எழுதுவேன்.

சொல்லாத வரைக்கும் நட்புதான்

நம் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம். யாராவது கேட்டால் "பேசிக்கிட்டிருக்கோம், பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். தாம்பூலத் தட்டு மாற்றிய மறுநொடி "நிச்சயமாயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள். மனசில் எப்போது முடிவானது என்பது வேறு, ஊருக்கு அது உண்மையாவது தட்டு மாறும்போதுதான்.

ஜப்பானியப் பள்ளிக் காதலில் அந்தத் தட்டின் வேலையைச் செய்வது "கொகுஹாகு". மனசில் இருப்பதை வாய்திறந்து, முறையாக, ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதற்கு அந்தப் பெயர். "உன்னைப் பிடிக்கும், என்னோடு பழகச் சம்மதமா" என்பதுதான் வழக்கமான வடிவம். மற்றவர் சரி என்றால் அந்த நிமிடத்திலிருந்து காதலர்கள். அதுவரைக்கும், சேர்ந்து வீட்டுக்குப் போனாலும், திருவிழாவில் கைகோத்து வாணவேடிக்கை பார்த்தாலும், கணக்குப்படி நண்பர்கள். நண்பர்களுக்கு மேலே, காதலர்களுக்குக் கீழே என்று பொருள் தரும் ஒரு சொற்றொடரே அங்கே புழக்கத்தில் இருக்கிறது. அனிமேயின் பெரும்பகுதி நடப்பது அந்த இடைவெளியில்தான். 12 பகுதி முழுக்க இழுக்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தால், கதை தேங்கி நிற்பதாகத் தோன்றாது. வாசற்படியில் நின்று நடக்கும் கதை அது.

இதே வாசற்படியில் சின்னச் சின்னப் பொருட்களும் உண்டு. பிப்ரவரி 14இல் ஜப்பானில் பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் தருவது வழக்கம். மனசுக்குப் பிடித்தவருக்குத் தருவது "ஹோன்மே" சாக்லேட், உடன் படிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் மரியாதைக்குத் தருவது "கிரி" சாக்லேட், தோழிகள் தங்களுக்குள் தருவது "தொமோ" சாக்லேட். பெட்டியைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால்தான் அனிமேயில் ஒரு பெண் ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கையால் செய்த சாக்லேட்டை நீட்டிவிட்டு "இது கிரிதான், வேற எதுவும் நினைக்காதே" என்று அவசரமாகச் சொல்கிறாள். மறுக்கப்பட்டால் பின்வாங்க ஒரு வழி. நட்பு என்ற சொல் அவளுக்கு அங்கே ஒரு குடை.

அப்புறம், எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. குடும்பப் பெயரோடு "சான்" என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து அழைத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் எந்த ஒட்டும் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால், அது "நீங்க" என்று பேசிக்கொண்டிருந்தவர் "நீ" என்று ஆரம்பிப்பது போல. சப்டைட்டிலில் இது பெரும்பாலும் தொலைந்துபோகும். காதில் விழும், கண்ணில் படாது.

இதுவரை பார்த்தது: சுகி என்ற சொல் அகலமானது, கொகுஹாகு என்ற வழக்கம் உறவுக்கு ஒரு தெளிவான வாசலை வைக்கிறது. சொல் தளர்வாகவும் வாசல் இறுக்கமாகவும் இருப்பதால் நடுவில் ஒரு பெரிய முற்றம் கிடைக்கிறது. இனி அந்த முற்றத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.

தன் மனசு தனக்கே தெரியாதபோது

ஃப்ரீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் மாங்காவாக, அதாவது ஜப்பானிய காமிக்ஸாகத் தொடங்கி 2023இல் அனிமேயாக வந்தது. ஃப்ரீரன் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த எல்ஃப். வீரன் ஹிம்மலோடு அவள் பயணம் செய்தது 10 ஆண்டு, அவள் ஆயுளில் அது ஒரு சிட்டிகை. அந்தப் பயணத்தில் ஹிம்மல் அவளுக்கு ஒரு மோதிரம் வாங்கித் தருகிறான். கடையில் டிசைனைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். அதில் இருந்தது கண்ணாடித் தாமரை. அந்தப் பூவுக்குக் கதை உலகில் "நிலைத்த காதல்" என்று பொருள். அது அவளுக்குத் தெரியாது. ஹிம்மல் சட்டென்று மண்டியிட்டு, அவள் இடது கை மோதிர விரலில் அதைப் போட்டுவிடுகிறான். எதுவும் சொல்லவில்லை.

இங்கே ஹிம்மலுக்குச் சந்தேகமே இல்லை. பார்க்கும் நமக்கும் இல்லை. தெரியாமல் இருப்பது ஃப்ரீரனுக்கு மட்டும்தான். ஹிம்மல் கிழவனாகிச் செத்து, அவன் அடக்கத்தில் நின்று அழும்போதுதான் அவனைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டோம் என்பது அவளுக்கு உறைக்கிறது. இந்தக் கதையைப் பார்த்துவிட்டு "அவள் அவனைக் காதலித்தாளா இல்லையா, ஒரே பதில் சொல்லு" என்று கேட்பது பிழையான கேள்வி. அவள் இன்னும் அந்தப் பதிலைத் தேடித்தான் நடந்துகொண்டிருக்கிறாள்.

கார்ட்கேப்டர் சகுராவில் இதையே ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு ஏற்றபடி செய்திருப்பார்கள். அண்ணனின் நண்பன் யுகிதோவைப் பார்த்தாலே சகுராவுக்கு மனசு பறக்கும். கடைசியில் தைரியமாகச் சொல்லியும் விடுகிறாள். யுகிதோ அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என்மேல் உனக்கிருக்கும் பிரியமும் உன் அப்பாமேல் இருக்கும் பிரியமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறான். அவள் யோசித்துப் பார்க்கிறாள். ஒரே மாதிரிதான் இருக்கிறது. இன்னொரு பக்கம் அவளுடைய தோழி தொமொயோ "எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்" என்கிறாள், சகுராவும் "எனக்கும்" என்கிறாள். நான் சொல்வது கொஞ்சம் வேறு அர்த்தத்தில் என்று தொமொயோ மெல்லச் சொல்லி, அதற்கு மேல் போகாமல் விட்டுவிடுகிறாள். ஒரே தொடர், ஒரே சுகி, மூன்று வேறு பிரியம். குழந்தைகளுக்கான ஒரு கதை இதை இத்தனை மரியாதையோடு பிரித்துக் காட்டியதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

தெரிந்தும் காட்டாமல் விடுவது

இரண்டு பெண்களின் நெருக்கத்தை நட்பு என்றும் சொல்லாமல் காதல் என்றும் சொல்லாமல் எழுதும் பழக்கம் ஜப்பானில் நூறு ஆண்டுக்கு மேல் பழையது. யோஷியா நொபுகோ 1916 முதல் எழுதிய பெண்கள் பள்ளிக் கதைகள் அந்த வகைக்குப் பெரிய தூண். அந்த உறவுக்கு "எஸ்" என்று பெயர், சிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. மூத்த மாணவியும் இளைய மாணவியும் கடிதம் எழுதிக்கொள்வார்கள், பிரிவுக்கு அழுவார்கள், பள்ளிப்படிப்பு முடிந்ததும் கல்யாணமாகிப் போய்விடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு. முடிந்துபோகும் என்பதால்தான் சமூகம் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. இன்றும் பெண்கள் பள்ளியில் நடக்கும் அனிமேயில் ஒருத்தி இன்னொருத்தியின் கழுத்து ரிப்பனைச் சரிசெய்யும்போது காற்று நின்றுவிட்ட மாதிரி இருக்கிறதே, அதற்கு இந்த வேரும் ஒரு காரணம்.

இக்காலத்தில் காட்டாமல் விடுவதற்கு ஒரு நல்ல உதாரணம் 2016இல் வந்த யூரி ஆன் ஐஸ். 7ஆம் பகுதியில் பயிற்சியாளன் விக்டர் பனிச்சறுக்குத் தளத்தில் பாய்ந்து தன் வீரன் யூரியைக் கட்டிக்கொள்கிறான். முகங்கள் சேரும் இடத்தை விக்டரின் கை மறைக்கிறது. முத்தமா இல்லையா என்று அன்றைக்கு ஏகப்பட்ட பேச்சு. ஆனால் 10ஆம் பகுதியில் பார்சிலோனாவில் ஒரு தேவாலயத்தின் முன்னால் இருவரும் மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பாத்திரங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. மறைக்கப்பட்டது ஒரு கோணம் மட்டும்தான், உறவு அல்ல. கை மறைத்த ஒரே காரணத்துக்காக "அது வெறும் பயிற்சியாளர்-வீரர் பாசம்" என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

இன்னொரு வகை, கதைக்கு வெளியே உண்டாவது. பெரும்பாலான அனிமேக்களைத் தயாரிப்பது ஒரு நிறுவனம் அல்ல. பதிப்பகம், டிவி நிறுவனம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலர் பணம் போட்டுச் சேரும் தயாரிப்புக் குழு. ஒரு ஜோடியை உறுதியாக அறிவித்தால் வேறு ஜோடியை விரும்புகிறவர்கள் விலகிப் போகலாம், அறிவிக்காமல் விட்டால் எல்லோரும் இருப்பார்கள் என்ற கணக்கு அங்கே போட முடியும். காதல் போலக் காட்டி ஆளை இழுத்துவிட்டு, கேட்டால் நட்புதான் என்று கைவிரிப்பதற்கு, அதுவும் ஒருபாலின உறவுகளில், "குயர்பெய்ட்டிங்" என்று பெயர். தூண்டிலில் புழு மாட்டுவது போல.

குண்டம் (Gundam) என்ற ரோபோ கதை வரிசையில் வந்த தி விட்ச் ஃப்ரம் மெர்க்குரி தொடரில் (2022-23) சுலெட்டா, மியோரினே என்ற இரண்டு பெண்களும் முதல் பகுதியிலேயே நிச்சயமான ஜோடி. கடைசிக் காட்சியில் இருவர் விரலிலும் மோதிரம். தொடர் முடிந்த பிறகு ஒரு இதழில் வந்த பேட்டியில் அவர்கள் திருமணம் பற்றிய சொல் இருந்தது, அதே இதழின் டிஜிட்டல் பதிப்பில் அது நீக்கப்பட்டிருந்தது. உறவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பார்ப்பவர்களிடமே விடுகிறோம் என்று அதிகாரப்பூர்வ அறிவிப்பும் வந்தது. ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம்தான். திரையில் தெளிவாக இருந்ததை அறிவிப்பு கலக்கியது. இதைத் தூண்டில் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் தொடர் தன் வாக்கைக் காப்பாற்றியது. விற்பனைப் பக்கம்தான் பின்வாங்கியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டினால் படைத்தவர்களுக்கு அநியாயம்.

மொழிபெயர்ப்பிலும் இது நடக்கும். செய்லர் மூனில் ஹாருகாவும் மிச்சிருவும் காதலர்கள். பழைய வட அமெரிக்க டப்பிங்கில் அவர்களை உறவுக்காரச் சகோதரிகளாக்கிவிட்டார்கள். மூலத்தில் இல்லாத குழப்பத்தை உள்ளே வைத்த கதை இது.

சுருக்கமாக: பாத்திரத்துக்குத் தெரியாதது கதையின் கரு. பாத்திரத்துக்குத் தெரிந்து நமக்குக் காட்டாதது ஒரு நடை. காட்டிய பிறகு மழுப்புவது வியாபாரம்.

"வெறும்" என்ற சொல்

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பாத்திரங்களை ஜோடியாக வைத்து ரசிப்பதற்கு "ஷிப்பிங்" என்று பெயர், ரிலேஷன்ஷிப் என்ற சொல்லின் வால். ஜப்பானிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. ரசிகர்களே வரைந்த புத்தகங்களுக்கென்று டோக்கியோவில் 1975இல் தொடங்கிய காமிகெட் சந்தை இன்றும் நடக்கிறது. அதில் தவறென்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு உறவு தீவிரமாக இருந்தால் அது காதலாகத்தான் இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு நாம் தானாகப் போய்விடுகிறோம்.

நருடோ மாங்காவின் (1999-2014) கடைசிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். நருடோவும் சாசுகேயும் ஆளுக்கு ஒரு கையை இழந்து, ரத்தத்தில், பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். இத்தனை தூரம் எனக்காக ஏன் வந்தாய் என்று சாசுகே கேட்கிறான். நண்பன் என்பதால் என்கிறான் நருடோ. இந்த உறவைக் காதலாக வாசிக்கும் ரசிகர்கள் நிறையப் பேர், அந்தத் தீவிரத்தை அவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த "நண்பன்" என்ற சொல் 15 ஆண்டுக் கதையின் முழு எடையையும் சுமக்கிறது. அதற்கு முன்னால் "வெறும்" போட எனக்கு மனசு வராது. நட்பு என்பது காதலுக்குப் போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாப் அல்ல. அதே மூச்சில் இன்னொன்றும்: இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ காதலிக்கும் கதையைப் பார்த்ததும் அனிச்சையாக "நட்புதான்" என்று மூடிவைப்பது நட்புக்கும் மரியாதை அல்ல, அவர்களுக்கும் மரியாதை அல்ல.

இரண்டு பேர், இரண்டு அளவு

கடைசியாக ஒரே படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட், 2018, இயக்கம் யமதா நவோகோ, கியோட்டோ அனிமேஷன். பள்ளி இசைக்குழுவில் மிசொரே ஓபோ என்ற ஊதுகருவியை வாசிக்கிறாள், நொசோமி புல்லாங்குழல். படம் தொடங்கும்போது மிசொரே பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். நொசோமி வருகிறாள், ஆடும் குதிரைவால் கூந்தலோடு முன்னால் நடக்கிறாள், மிசொரே பின்னால். இரண்டு பேரின் காலடி ஓசையும் சேரவே சேராது. வசனம் குறைவு, அந்த ஓசைதான் பேசும்.

அந்தப் பள்ளிப் பெண்களிடையே ஒரு விளையாட்டு. கட்டிப்பிடித்துக்கொண்டு, உன்னிடம் எனக்குப் பிடித்தது இது என்று சொல்லவேண்டும். பெயரே தைசுகி அணைப்பு. படத்தின் பிற்பகுதியில், மீன்தொட்டிகள் இருக்கும் உயிரியல் அறையில், மிசொரே ஓடிவந்து நொசோமியைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்குகிறாள். உன் சிரிப்புச் சத்தம் பிடிக்கும், நீ பேசுவது பிடிக்கும், உன் காலடி ஓசை பிடிக்கும், உன் முடி பிடிக்கும், எல்லாமே பிடிக்கும். நொசோமி கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்கிறாள்: உன் ஓபோ எனக்குப் பிடிக்கும்.

இரண்டு பேருமே சுகி என்றுதான் சொன்னார்கள். ஒருத்தி ஆளையே சொன்னாள், மற்றவள் அவள் வாசிப்பைச் சொன்னாள். மிசொரேயின் பிரியத்தில் எனக்குக் கலக்கம் எதுவும் தெரியவில்லை. நொசோமியின் பதிலில் பாராட்டும் இருக்கிறது, பொறாமையும் இருக்கிறது, இதற்கு மேல் வராதே என்ற ஒரு கையும் இருக்கிறது. இந்தப் படத்தைப் பற்றி "காதலா நட்பா" என்று கேட்டால் பதில் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்காது. பெயர் வைக்க முடியாமல் நிற்பது மிசொரே அல்ல, நொசோமியும் அல்ல, அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு முழ இடம்.

கடைசிக் காட்சியில் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடக்கிறார்கள், இப்போது காலடிகள் கொஞ்சம் சேர்கின்றன. ஒரே நேரத்தில் இருவர் வாயிலும் ஒரே வாக்கியம் வருகிறது. அப்படி வந்தால் "ஹேப்பி ஐஸ்க்ரீம்" என்று கத்துவது குழந்தைகள் விளையாட்டு. மிசொரே, வாழ்நாளில் சத்தமாகப் பேசியிராத மிசொரே, அதைக் கத்துகிறாள். நொசோமிக்கு அந்த விளையாட்டு பிடிபடவில்லை, மிசொரேவுக்கு நிஜமாகவே ஐஸ்க்ரீம் வேண்டும்போல என்று எடுத்துக்கொள்கிறாள்.